விழுந்துபோன துணைக்கால்

ஆய்வகம், மூன்றாம் மாடி
செவ்வாய், மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். வந்ததிலிருந்து ஒரு கிலோ கூடியிருக்கிறேன். மற்ற எதையும் படிப்பதற்கு முன்னால் இந்த மூன்று வரிகளையும் இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

உங்கள் பார்சல் இன்று காலை வந்தது. ஏழு கிலோ. கீழே அலுவலகத்திலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஏறி வந்து, "உங்களுக்கு ஒரு மூட்டை வந்திருக்கும்மா, தூக்குறதுக்கு ஆளோட வாங்க" என்றார். நான் கையிலிருந்த பாக்டீரியாத் தட்டுகளை, ஐந்து நிமிடம்தானே என்று மூலையிலிருக்கும் கிழட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு ஓடினேன். பிரித்தால் பிஸ்கட், அதற்கடியில் வேர்க்கடலை, பேரீச்சம்பழம், மறுபடி பிஸ்கட். எல்லாவற்றுக்கும் நடுவே, கம்ப்ரஸர் வரும் அட்டையில் சுற்றிய ஒரு தேன் பாட்டில். மேலே உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "முதல்ல சாப்பிடு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பெட்டியின் அடியில் என்னுடைய போன கடிதமே மடித்து வைத்திருந்தது. ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் கட்டம் போட்டிருந்தீர்கள்.

"இங்கே கரை முழுவதும் பசிதான். பார்க்கவே பாவமாக இருக்கிறது. நகராட்சி வண்டிகள் தினமும் அள்ளிக்கொண்டு போகின்றன."

ஐயோ, பாசி! கடற்பாசி! அவசரத்தில் ஒரு துணைக்காலை விட்டுவிட்டேன். காற்று பலமாக அடித்த மறுநாள் கரையில் முழங்கால் உயரத்துக்கு ஒதுங்கிக் கிடக்கிற பாசியைப் பற்றி எழுதினேன். நகராட்சி அள்ளுவதும் பாசியைத்தான், பசித்துக் கிடக்கும் மனிதர்களை அல்ல. போன வாரம் போனில் ஆறு தரம் "சாப்பிட்டியா" என்று கேட்டீர்களே, திடீரென்று இவ்வளவு பாசமா என்று நான் அன்று பூராவும் மகிழ்ச்சியாக இருந்தேன். அது பாசமில்லை, பயம் என்று இப்போதுதான் தெரிகிறது.

சீட்டின் பின்பக்கத்தையும் படித்தேன். "கை பூரா கிரீஸ். அம்மாதான் சத்தமா படிச்சாங்க. அந்த வரி வந்ததும் நிறுத்திட்டாங்க. கேட்டா மழுப்புவா, கேக்காதே, அனுப்புன்னுட்டாங்க." அப்படியென்றால் என் கடிதங்களை ரிப்பேர் கடையில், நான்கு வாடிக்கையாளர்களுக்கு நடுவில், அத்தை சத்தமாகப் படிக்கிறார்களா? மார்ச்சில் எழுதிய கடிதத்தின் கடைசிப் பத்தியையுமா? வேண்டாம், பதில் சொல்லாதீர்கள்.

அத்தை, இதையும் நீங்கள்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், என் வணக்கம். உங்கள் மருமகள் பட்டினி கிடக்கவில்லை. தேன் வந்து சேர்ந்தது. இங்கே கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா பிஸ்கட்டில் பாதியைத் தன் டப்பாவுக்கு மாற்றிவிட்டு, "உங்க மாமியாருக்கு எழுதுங்க, அடுத்த தடவையும் ஒரு எழுத்தை விட்டுடறேன்னு" என்றார்.

வேலையைப் பற்றி எழுத அதிகமில்லை. அந்தப் பாசியைச் சர்க்கரையாக உடைக்க இப்போது அதைக் கொதிக்கவைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இந்த ஊர்க் குளிர்க் கடலில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. அந்தக் குளிரிலேயே பாசி கரைகிறது, மறைகிறது. அங்கே ஏதோ ஒரு பாக்டீரியா எச்சில் துப்புவதுபோல ஒரு நொதியை வெளியே விட்டுப் பாசியைக் கூழாக்கித் தின்கிறது. அதைத்தான் தேடுகிறேன். எனக்கு முன்னால் இங்கே இருந்தவரின் நோட்டில் இருப்பதுபோல, முதலில் இருபத்தெட்டு டிகிரி வெதுவெதுப்பில் வளர்க்கிறேன். சீக்கிரம் வளரும், அப்புறம் குளிரில் சோதிக்கலாம் என்பது யோசனை. நிறைய வளர்கிறது. எதுவும் பாசியை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

மேடம் நல்லவர், ஆனால் பூசி மெழுகத் தெரியாதவர். "இன்னும் பதினாலு வாரம் இருக்கு. எதாவது இருந்தா இன்னும் ரெண்டு வருஷம் இரு. இல்லேன்னா வருத்தப்படாம ஊருக்குப் போ" என்றார். இதைக் கேட்டால் உங்கள் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும். கடை காலண்டரில் பதினான்கு வாரத்தையும் நீங்கள் ஏற்கெனவே பென்சிலால் எண்ணி முடித்திருப்பீர்கள். என் மனம் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். அது ஒரு நாளைக்கு ஒரு பக்கம்.

நீங்கள் சொன்னபடி ஃப்ரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி போல வந்துவிட்டது. ரப்பர் போயே போய்விட்டது என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பிஸ்கட்டோடும் நன்றியோடும்,
உங்கள் பூச்சிக்காரி


ஆய்வகம்
ஐந்து வாரம் கழித்து, வியாழன்

அன்புள்ள உங்களுக்கு,

போனில் எனக்கு "ம்" தவிர வேறெதுவும் வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். போன தடவை நீங்கள் "என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டபோதும் "ம்" என்றேன். அந்த "ம்"முக்குள் இருந்ததை இப்போது எழுதுகிறேன்.

பார்சல் வந்த அன்று, ஐந்து நிமிடம்தானே என்று ஃப்ரிட்ஜில் தட்டுகளை வைத்தேன் என்று எழுதியிருந்தேனா? அந்த ஐந்து நிமிடம் பத்தொன்பது நாளாகிவிட்டது. அன்று பிஸ்கட் பங்குபோடுவதிலும் உங்களுக்குக் கடிதம் எழுதுவதிலும் சுத்தமாக மறந்துபோனேன். பத்தொன்பதாம் நாள் கழுவும் அக்கா கீழ்த்தட்டைத் துடைக்கப் போனவர், தட்டுகளோடு என் மேஜைக்கு வந்தார். "பாப்பா, இந்த ஜெல்லியெல்லாம் உருகிப் பள்ளம் பள்ளமா ஆயிடுச்சு. ஃப்ரிட்ஜ் சரியில்லன்னு நீதானே சொன்னே. தூக்கிப் போட்டுடவா?"

நானும் "போடுங்க" என்றுதான் சொன்னேன். அவர் குப்பைத் தொட்டி மூடியைக் காலால் திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. கத்திவிட்டேன். நான் கத்தி நீங்கள்கூடக் கேட்டதில்லை.

ஏனென்று சொல்கிறேன். அந்த ஜெல்லிக்கு அகார் என்று பெயர். பாக்டீரியாவுக்கு நாங்கள் விரிக்கும் படுக்கை அது. ஒரு தடவை உறைந்துவிட்டால், கிட்டத்தட்ட கொதிக்கிற சூடு இல்லாமல் உருகவே உருகாது. வெயிலில் வைத்தாலும் உருகாத சாமான் ஃப்ரிட்ஜுக்குள் எப்படி உருகும்? உருகவில்லை. யாரோ தின்றிருக்கிறார்கள். அகார் எதிலிருந்து வருகிறது தெரியுமா? பாசியிலிருந்துதான். இத்தனை மாதமாக நான் பாசி தின்னும் பாக்டீரியாவைத் தேடி, பாசியாலேயே செய்த படுக்கையில் அவற்றைப் படுக்கவைத்து, வெதுவெதுப்பாகப் போர்த்தியும் விட்டிருக்கிறேன். வேண்டிய ஆள் அந்தச் சூடு தாங்காமல் கண்ணையே திறக்கவில்லை. குளிரில் மறந்து விட்ட பிறகு எழுந்து, படுத்திருந்த மெத்தையையே தின்னத் தொடங்கிவிட்டது.

தட்டில் அயோடின் ஊற்றினேன். முழுவதும் பழுப்பாயிற்று. பாக்டீரியா வளர்ந்த ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மட்டும் நிறம் ஏறாமல், ஒரு வளையம் வெளிறி நின்றது. அந்த இடத்தில் அகார் மிச்சமில்லை. பதினோரு புள்ளி, பதினோரு நிலா. அக்கா எட்டிப் பார்த்து, "இதுக்கா அந்தக் கத்து கத்தினே?" என்றார். பிறகு அவரே அதற்குப் பள்ளம்தோண்டி என்று பெயர் வைத்தார். நோட்டில் அதற்கு ஓர் எண் இருக்கிறது. ஆனால் இந்த மாடியில் எல்லோருக்கும் இப்போது பள்ளம்தோண்டிதான்.

இனிதான் அந்த "ம்". மேடம் தட்டை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "நல்ல சமாசாரமாவும் இருக்கலாம், தற்செயலாவும் இருக்கலாம். இன்னொரு தடவை செஞ்சு காட்டு. ஒரு தடவை நடந்தா அது கதை, ரெண்டு தடவை நடந்தாத்தான் வேலை" என்றார். அன்றே புதுத் தட்டுகளில் இட்டு அதே ஃப்ரிட்ஜின் அதே கீழ்த்தட்டில் வைத்தேன். இரண்டு வாரம் ஆகிறது. ஒன்றும் நடக்கவில்லை. ஊசி குத்தின அளவுக்குக்கூடப் பள்ளம் இல்லை. தட்டுகள் கண்ணாடி மாதிரி வழவழவென்று என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன.

எல்லாம் அதேதான். அதே படுக்கை, அதே உப்பு, அதே இடம். சொல்லப்போனால் முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. என் விண்ணப்பம் ஒருவழியாக அலுவலகத்தில் நகர்ந்து, கதவுக்குப் புது ரப்பர் போட்டுவிட்டார்கள். இப்போது காகிதம் வைத்து இழுத்தால் கிழிகிறது. உள்ளே கச்சிதமாக மூன்று டிகிரி. குளிர் விரும்பும் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னும் ஒன்பது வாரம். பிரிவைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், அழுத்தமாக அடிக்கோடெல்லாம் போட்டு. ஆனால் வேலை கைகூடினால் பிரிவு நீளும், கைவிட்டால் பிரிவு முடியும் என்கிற நிலைமையில் எதை வேண்டிக்கொள்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. காலையில் தட்டைத் திறக்கும்போது பள்ளம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மூடும்போது உங்கள் காலண்டர் ஞாபகம் வருகிறது. அதற்காக நான் வேலையில் கை தளர்ந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படித் தளர்ந்தால் முதலில் கோபித்துக்கொள்வது நீங்களாகத்தான் இருக்கும்.

அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்காமல் அலமாரியில் அழகுக்கு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தேய்க்கச் சொல்லுங்கள்.

வழவழத் தட்டுகளுக்கு நடுவிலிருந்து,
உங்கள் பூச்சிக்காரி


கை கழுவிவிட்டு நீங்களே படிக்கவும்.
(அத்தை, மன்னியுங்கள். உங்களுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன்.)

ஆய்வகம்
எட்டு வாரம் கழித்து, திங்கள் காலை

என் பிரியமுள்ள மெக்கானிக் அவர்களுக்கு,

உங்கள் கார்டில் மொத்தம் ஐந்தே வரி. நான் அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான். "ரப்பர் மாத்தினாங்கன்னு நீயே எழுதிட்டு, எல்லாம் அதேதான்னும் எழுதியிருக்கே. பழைய ரப்பர்ல உள்ளே ஒம்பது டிகிரி இருந்திருக்கும். ஒம்பதுல பழகின பிள்ளையை மூணுல போட்டா விறைச்சுப் போகாதா? குளிர்னா எல்லாம் ஒரே குளிரா? உனக்கு நான் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தேன் போ."

அந்தக் கடைசி வரியை மட்டும் அக்காவிடம் மறைத்துவிட்டேன்.

கார்டின் பின்னால் வரைந்திருந்த படத்தை அப்படியே பின்பற்றினேன். தெர்மாமீட்டரைக் காற்றில் தொங்கவிடாமல் ஒரு தம்ளர் தண்ணீருக்குள் நிறுத்தினேன். கதவைத் திறந்தால் காற்று உடனே மாறும், தண்ணீர் அவசரப்படாது என்று படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்தது சரிதான். குளிரைக் கூட்டிக் குறைக்கும் நாபை ஒரு கோடு திருப்பினேன். ஒரு நாள் முழுக்க விட்டேன். ஆறு. இன்னொரு கோடு, இன்னொரு நாள். எட்டு. அரைக் கோடு. ஒன்பது. பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: "ஒன்பது டிகிரி. நாபைத் தொடாதீர்கள். தொட்டால் அக்காவிடம் சொல்லிவிடுவேன்." மூன்றாம் மாடியில் அக்காவுக்குப் பயப்படாதவர்கள் யாரும் கிடையாது.

பன்னிரண்டாம் நாள் பள்ளம் விழுந்தது. எல்லாத் தட்டிலும்.

ஒரு தடவை அல்ல, மூன்று தடவை செய்துவிட்டேன். அதன் நொதியைத் தனியாக வடித்தெடுத்து, கரையிலிருந்து கொண்டுவந்த பாசித் துண்டுகளை அதில் போட்டுப் பார்த்தேன். நாற்பது டிகிரியில் வைத்த குழாயில் துண்டு அப்படியே கல்லுளிமங்கன் மாதிரி கிடந்தது. ஒன்பது டிகிரியில் வைத்ததோ மூன்றாம் நாள் ஓரம் நைந்து, ஐந்தாம் நாள் கஞ்சிபோலக் குழைந்துவிட்டது. அடுப்பு இல்லை, கொதிநீர் இல்லை. அக்கா குழாயை ஆட்டிப் பார்த்து, "கரையில கிடக்கிற அத்தனையையும் இது தின்னுடுமா? அப்போ அந்த நாத்தம் போயிடுமா?" என்று கேட்டார். இன்னும் எவ்வளவோ வேலை இருக்கிறது என்றேன். "செய்யேன், யாரு வேண்டாங்கறா" என்றார். ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

மேடம் குழாய்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "மூணுக்கும் ஒம்பதுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்னு உனக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன். "அவரும் இதே துறையா? எந்தப் பல்கலைக்கழகம்?" என்றார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார் என்றேன். மேடம் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் அங்க என்ன பண்றார்?" என்றார்.

நல்ல செய்தியை எடுத்த எடுப்பில் சொல்லாமல் சுற்றி வளைக்கிறேன், இல்லையா? இரண்டு வருடம் நீட்டித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதும்போது என் கை நிற்காமல் சிரிக்கிறது, அப்படிச் சொல்ல முடியுமானால். உங்கள் காலண்டரை நினைத்தால்தான் பேனா நின்றுவிடுகிறது. பென்சில் கோடுகளை நீங்கள் அழிக்கும் சத்தம் இங்கே கேட்கிறது.

அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் புறப்பட்ட அன்று, கூட வாருங்கள் என்று அரை வாய்க்குச் சொன்னேன். நீங்கள் முழு வாயோடு சிரித்து, "அந்தக் குளிர் ஊர்ல ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு என்னடி வேலை? சன்னலைத் திறந்து வைச்சாப் போதுமே" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பதில் அன்று என்னிடம் இல்லை. இப்போது இருக்கிறது. இங்கே குளிருக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அது தன் இஷ்டத்துக்கு வருகிற குளிர். காலையில் ஐந்து, மதியம் பன்னிரண்டு. பள்ளம்தோண்டிக்கு வேண்டியது ஒரே இடத்தில் நிற்கிற குளிர். அப்படி நிறுத்திவைக்கத் தெரிந்த ஆள் இந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட இல்லை. இரண்டாம் மாடியில் ஒரு குளிரறை கட்டப்போகிறார்கள். கம்ப்ரஸர் வந்து இறங்கி, இன்னும் பிரிக்காமல் தாழ்வாரத்தில் கிடக்கிறது. அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். விளம்பரத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். மேடம் அதை என் மேஜையில் போட்டுவிட்டு, "நான் எதுவும் சொல்லலை, இது காத்துல பறந்து வந்துச்சு" என்று போய்விட்டார்.

அத்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பீர்கள். போன மாதக் கார்டின் ஓரத்தில், நீங்கள் பார்க்காதபோது அத்தை பென்சிலால் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். இத்தனை நாள் சொல்லவில்லை. "இவனைக் கூட்டிட்டுப் போயிடும்மா. வீடு பூரா கம்ப்ரஸரா இருக்கு, கால் வைக்க இடமில்லை. நான் பெரியவ வீட்டுல போய் நிம்மதியா டிவி பார்க்கிறேன். உன்னைக் கூப்பிட்டாளான்னு கேட்டா, தலையைக் குனிஞ்சுக்கிறான்." உங்கள் அக்கா வீட்டில் அத்தைக்கென்று ஓர் அறை எப்போதும் இருக்கிறது என்பதை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

நான் இருக்கும் அறைக்கு இரண்டு சன்னல். ஒன்றிலிருந்து கப்பல்துறையின் பாரந்தூக்கிகள் தெரியும், இன்னொன்றிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைத் துடைப்பது தெரியும், தினமும், மழையிலும். மேஜையின் வலது பக்கம் முழுக்கப் புத்தகம். இடது பக்கத்தை வந்த நாளிலிருந்து காலியாகவே வைத்திருக்கிறேன். கழுவும் அக்கா ஒரு தரம் வந்தபோது, "ஏன் பாதி மேஜையில எழுதறே?" என்று கேட்டார். பழக்கம் என்று சொல்லிவைத்தேன். உங்கள் ஸ்பேனர் பை அங்கே சரியாக அடங்கும். அளந்து பார்த்துவிட்டேன்.

கூப்பிட்டேனா என்று யாராவது கேட்டால் இனி நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். கூப்பிடுகிறேன். முழு வாயோடு, மையால்.

மருந்தும் தைலமும் தீராமல் அத்தைக்கு வாங்கிவைத்துவிட்டு வாருங்கள். உங்கள் கைக்குக் கிரீஸும், அதைக் கழுவச் சோப்பும் ஒருநாளும் குறையாமல் இருக்கட்டும்.

அவசரமாக எழுதுகிறேன், மாலைத் தபாலில் சேர்க்க வேண்டும். எங்காவது ஒரு துணைக்கால் விட்டுப்போயிருக்கலாம். இந்த முறை பார்சல் அனுப்பாதீர்கள். நீங்களே வந்து போட்டுவிடுங்கள்.

ஒன்பது டிகிரியில் காத்திருக்கும்,
உங்கள் பூச்சிக்காரி